லோன் ரெடி, நான்தான் ரெடியா இல்லையா?

தையல்காரி:
நாலு வருஷமா வீட்லயே தைக்கிறேன், கஸ்டமர் வர்றாங்க. ரெண்டு பவர் மிஷின் வாங்கி கூட ஒரு ஆள் வச்சுக்கலாம்னு ஆசை. குழு லோன் கிடைக்கும், ஈடும் கேக்கல, ஆனா கையெழுத்துனு வந்தா கை நடுங்குது, ரெண்டே வாரத்துல தவணை ஆரம்பிச்சிருமாம். வீட்டுக்காரர் "உனக்கு தைரியம் பத்தல"ங்கறாரு. நெஜமாவே நான் தொழிலுக்கு லாயக்கில்லையா?

கணக்குப்புள்ள:
தைரியத்த விடுங்க, வட்டி ஃபிளாட்டானு மொதல்ல கேளுங்க. 12% ஃபிளாட்னு சொல்லி 12 மாசத்தவணைல வாங்குனா, நீங்க அசல மாசாமாசம் அடைச்சுட்டே வந்தாலும் கடைசி மாசம் வரைக்கும் முழு அசலுக்கும் வட்டி கட்டுறீங்க, குறையுற பாக்கிக்கு கணக்கு போட்டா 21% தாண்டும். நான் கட்டி முடிச்ச அப்புறம்தான் உக்காந்து கணக்கு பாத்தேன், என்னத்த சொல்ல.

மழைத்துளி:
பயம் நியாயம்தான் சிஸ். கொல்கத்தாவுல இதையே சோதிச்சு பாத்தாங்க, ஆய்வு 2013ல வெளிவந்துச்சு. கடன் வாங்குன பெண்கள்ல சிலருக்கு ரெண்டு வாரத்துல தவணை, சிலருக்கு ரெண்டு மாசம் கழிச்சு. அவகாசம் கெடச்சவங்கதான் புதுசா தொழில் ஆரம்பிச்சது அதிகம், மூணு வருஷம் கழிச்சு பாத்தா லாபமும் கூட. ஆனா பாக்கி வச்சவங்களும் அவங்கள்லதான் ஜாஸ்தி, அதான் கம்பெனிக்காரங்க அவகாசம் குடுக்க யோசிக்கிறாங்க. மிஷின் வந்து, ஆளுக்கு கை பழகி, தச்சு குடுத்து காசு வர்றதுக்குள்ள தவணை வாசல்ல நின்னா, வாங்குன லோன்லயே கொஞ்சத்த தவணைக்குனு எடுத்து வைப்பீங்க, அப்போ ரெண்டு மிஷின் எங்க வாங்குறது?

பேர்வேணாம்:
பணம் யார் கைக்கு போகுதுனும் பாருங்க. என் பேர்ல வாங்குனதுல பாதி அவர் வண்டி ரிப்பேருக்கு போச்சு, குழு மீட்டிங்ல தலை குனிஞ்சு நின்னது நான். தொழிலுக்கு தனி அக்கவுண்ட் போட்ருங்க.

தையல்காரி:
எல்லாருக்கும் நன்றி. கேட்டுட்டேன், ஃபிளாட்தானாம், தவணைய ஒரு வாரம் கூட தள்ள மாட்டாங்களாம். இப்போதைக்கு சேத்து வச்ச காசுல பழைய மிஷின் ஒண்ணு பாக்குறேன். அந்த 21% கணக்க நோட்டுல எழுதி வீட்டுக்காரர்ட்ட நீட்டுனேன், இப்போ அவருக்கு கை நடுங்குது 😀