புதுப்பிப்பு: பறிபோன வாட்ஸ்அப் கணக்கு மீண்டது

கூரியர் ஊழியர் என்று சொல்லிக்கொண்டவரின் பேச்சை நம்பி, அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் *21* என்று தொடங்கும் எண்ணை என் பெரியப்பா அழுத்தியதும் அவருடைய வாட்ஸ்அப் கணக்கு பறிபோனது பற்றி இங்கே கேட்டிருந்தேன். கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, எதற்கும் முன்பு, அழைப்புத் திருப்பங்களை நீக்கும் ##002# எண்ணை அழுத்தச் சொன்ன யோசனைதான். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்த வரையில், சரிபார்ப்பு எண்ணை வாசித்துச் சொல்லும் குரல் அழைப்பும் மோசடிக்காரருக்கே போகும் என்பதால், அதை நீக்காமல் வேறு எது செய்தும் பயனில்லை. நீக்கியபின், குறுஞ்செய்தியில் வந்த 6 இலக்க எண்ணை இட்டதுமே மோசடிக்காரர் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: மோசடிக்காரர் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குத் தம்முடைய பின் எண்ணை வைத்துவிட்டிருந்தார். அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாள்களில் அவராலும் கணக்கைப் பயன்படுத்த முடியாது என்பதே பெரிய ஆறுதல். இதற்கிடையில் உறவினர்களுக்கு நேரடியாகப் போன் செய்து, பெரியப்பா பெயரில் பணம் கேட்டு வந்த செய்திகளை நம்ப வேண்டாம் என்று சொன்னோம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இலும் புகார் பதிவு செய்தோம்.

இப்போது புதிய பின் எண்ணுடன் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்திருக்கிறோம். எல்லா அழைப்புகளும் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை *#21# அழுத்தினால் திரையிலேயே பார்க்கலாம்.