வாசல் விளக்கில் வந்த பூரிரி அந்துப்பூச்சி

டிட்டிராங்கி வாசி:
பூரிரி அந்துப்பூச்சி, நியூசிலாந்தின் அந்தப் பெரிய பச்சைப் பூச்சி, இங்கே யாருக்கும் புதிதில்லை. போன அக்டோபர், மழை நசநசத்த இரவு. வேலை முடிந்து வந்தால் வாசல் விளக்கடியில், கண்ணாடிக் கதவில் ஒரு வெற்றிலை ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் போடக் கை நீட்டினேன், வெற்றிலை நடுங்கியது. காலையில் பையனுக்குக் காட்டலாமே என்று விளக்கை அணைக்காமல் போய்ப் படுத்தேன். விடிந்து பார்த்தால் படியில் நான்கு பச்சை இறக்கைகள். உடம்பைக் காணோம். பக்கத்து வீட்டுப் பூனையை அன்று முழுக்க விரட்டினேன்.

ஹாமில்டன் தம்பி:
பூனை என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? ருரு ஆந்தைக்கும் இது விருந்துதான். என் கதை வேறு. பிடித்து அட்டைப்பெட்டியில் வைத்து, பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்துக் கொடுத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் பெட்டிக்குள் கடுகைவிடச் சின்ன முட்டைகள், அள்ள அள்ள வந்தன. மறுநாள் செத்துப்போனது. அதற்கு உண்ணும் வாயே கிடையாதாம், ஓரிரு நாள்தான் ஆயுளாம். அப்புறம்தான் படித்தேன்.

கிறைஸ்ட்சர்ச் ரவிக்கை:
எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன்! பழுப்பு நிறம், கொஞ்சம் சின்னது.

ஹாமில்டன் தம்பி:
இருக்காது அக்கா. இது வடதீவில் மட்டும்தான், உங்கள் ஊர் தென்தீவு. நீங்கள் பார்த்தது போரினாவாக இருக்கும், புல்வெளியை மேய்கிற அதன் உறவுக்காரப் பூச்சி.

பழைய தோட்டக்காரர்:
விளக்கு, பூனை எல்லாம் இருக்கட்டும். தோட்டத்தில் பூரிரி மரமோ புட்டபுட்டவேட்டா மரமோ இருந்தால் முதலில் அடிமரத்தைப் பாருங்கள். (பூரிரி நம் நொச்சியின் இனம்தான், இலையைப் பார்த்தாலே தெரியும்.) மரப்பட்டை நிறத்தில் பட்டுநூலும் மரத்தூளும் சேர்ந்த மூடி ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் 7 போல வளைந்த சுரங்கம். புழு அதற்குள் 5, 6 வருடம் கிடக்கும், சுரங்க வாயைச் சுற்றி வளரும் மரத்தின் புதுத் திசுவைத் தின்றுகொண்டு. வீட்டுக்காரர் மரம் செத்துவிடும் என்று பயந்து சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னார், நானும் அடைத்தேன். காலியாகத் தெரிந்த ஓட்டையில் குச்சியை விட்டபோது வேட்டா (வெட்டுக்கிளி மாதிரிப் பெரிய பூச்சி) ஒன்று கையில் பாய்ந்தது, அது தனிக் கதை. நல்ல மரம் இதைத் தாங்கும். மூடியைப் பிய்க்காதீர்கள், மருந்து அடிக்காதீர்கள், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். நான் அடைத்த ஓட்டைகளில் இரண்டில் அந்தப் பட்டுநூல் மூடி இருந்தது, உள்ளே புழு இருந்திருக்கும். அந்த இரண்டும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன.

டிட்டிராங்கி வாசி:
பூனையோ ருருவோ, விளக்கை எரியவிட்டது நான்தானே. இறக்கைகள் பையனின் கணக்கு நோட்டில் இருக்கின்றன. ஐயா, அந்தச் சிமெண்டை இப்போது பெயர்த்தெடுக்க முடியாதா?