செமினாரில் ஸ்லைடை விட்டுட்டுப் பேசினதுதான் நல்லா இருந்துச்சாம். அப்போ ஸ்லைடே வேண்டாமா?

கரிசல்பொண்ணு:
எம்.ஏ. தமிழ் முதலாம் ஆண்டு, கோவில்பட்டிப் பக்கம். கணினித் தமிழ்த் தாளுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் செமினார். நான் எடுத்தது கமலை இறைவை, அதாவது மாடு கட்டி, சால்ங்கிற பெரிய வாளியால கிணத்துத் தண்ணி இறைக்கிறது. தாத்தா கமலை ஓட்டினவர். ரெண்டு நாள் அவரைப் பேசவிட்டு போனில் பதிவு பண்ணி, எல்லாத்தையும் தட்டி 22 ஸ்லைடு ஆக்கினேன். எழுத்து பறந்து வர்ற அனிமேஷன் வேற.

பெண்டிரைவைச் செருகினா முதல் ஆறு ஸ்லைடும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது. ஜெராக்ஸ் கடை அண்ணன் பாமினிங்கிற எழுத்துருவில் தட்டிக் கொடுத்த பகுதி அது. நான் போனில் அடிச்ச மீதி ஒழுங்கா வந்துச்சு. வகுப்புக்கு முதுகைக் காட்டிட்டு அதை வாசிக்க ஆரம்பிச்சேன். அப்போ பின்பெஞ்சில் ஒருத்தி, "மேல வந்ததும் சால் தானா எப்படிடீ கொட்டும்?"னு கேட்டா. 22 ஸ்லைடில் அதுக்குப் பதில் இல்ல.

கையில் கிடைச்சதை வச்சு செஞ்சே காட்டினேன். டிபன் பை சால், குடை உறை தும்பி (சாலோட அடியில் இருக்கிற தோல் குழாய்), சார்ஜர் வயர் வடக்கயிறு (சாலில் கட்டினது), இயர்போன் வயர் வால்கயிறு (தும்பி நுனியில் கட்டினது). ரெண்டு பேரை மாடா நடக்கவிட்டேன். மாடு சரிவில் இறங்குறப்போ ரெண்டு கயிறும் சேர்ந்து இழுபடும். தும்பி மடங்கி வாயைத் தூக்கிக்கிட்டே வர்றதால தண்ணி சிந்தாது. மேல வந்ததும் வடம் மேல் உருளை வழியா சாலை இன்னும் உயர்த்தும். வால்கயிறு கீழ் உருளையில் ஓடுறதால தும்பியைத் தொட்டிப் பக்கம் இழுத்து நீட்டிவிடும், தண்ணி கொட்டிரும். அந்த மூணு நிமிஷம்தான் உருப்படின்னாங்க மேடம். மார்க் 25க்கு 14. அடுத்த மாசம் மறுபடி பேசணும்.

அச்சுக்கோப்பு:
தங்கச்சி, பாமினி ஆங்கில எழுத்துகளோட இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வச்ச பழைய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கிற ஆங்கிலம் வெளிய வந்துரும். நீ போனில் அடிச்சது யூனிகோடு, அதில் தமிழுக்குன்னு சொந்த இடம் உண்டு. 2010லயே தமிழக அரசு அதைத் தரமா ஏத்துக்கிச்சு, ஜெராக்ஸ் கடைக்குத்தான் இன்னும் சேதி போகல. மாத்திக்கொடுக்கிற கருவி இணையத்தில் கிடைக்கும். மாத்தினப்புறம் கொம்பு, புள்ளி எல்லாம் ஒரு தடவை கண்ணால பாத்துரு. பிடிஎப் பிரதி ஒண்ணும் கையில் இருக்கட்டும்.

சாயங்கால வாத்தியார்:
எழுத்துரு சரியா இருந்திருந்தாலும் 14தான் வந்திருக்கும்மா. வாயால சொல்ல வேண்டியதை ஸ்லைடில் எழுதிட்டே, ஸ்லைடில் காட்ட வேண்டிய படத்தைக் கையால காட்டினே. கிணற்றைக் குறுக்கே வெட்டின மாதிரி ஒரே ஒரு படம், ரெண்டு உருளையும் தெரியுற மாதிரி வரை, போதும். பேசுறப்போ விசைப்பலகையில் ஆங்கில 'B'யைத் தட்டினா திரை கறுப்பாகும், மறுபடி தட்டினா வந்துரும். அப்போ எல்லாரும் உன்னைத்தான் பாப்பாங்க. அது சரி, தாத்தா குரல் எங்க போச்சு?

பின்பெஞ்சு:
மாடா நடந்த ரெண்டு பேருக்கும் மார்க் உண்டா?

கரிசல்பொண்ணு:
அவங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாச்சு 🙂

சார், நீங்க கேட்டப்புறம்தான் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். பாதி நேரம் "ஆமா தாத்தா, சரி தாத்தா"ன்னு என் குரல்தான். நடுவுல மாட்டை அதட்டிக் காட்டுறார், ஒரு 12 விநாடி. எழுத்தில் எழுத வராததால ஸ்லைடில் விட்டுட்டேன். பின்னாடி ஃபேன் இரைச்சல் இருக்கு. ஆடாசிட்டிங்கிற ஒலி திருத்துற மென்பொருளில் குறைக்கலாமாமே, செஞ்சு பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?

அச்சுக்கோப்பு:
குறைக்கலாம், ஆனா ரொம்பக் குறைச்சா குரல் தகர டப்பாக்குள்ள பேசுற மாதிரி ஆயிரும். தாத்தா வீட்லதானே இருக்கார்? ஃபேனை நிறுத்திட்டு மறுபடி அதட்டச் சொல்லு.