50 ஹெர்ட்ஸ் கேம், 60 ஹெர்ட்ஸ் திரை: திணறலுக்கு வழி உண்டா?

வணக்கம் மக்களே. லினக்ஸ் ஓடும் ஹேண்ட்ஹெல்டு ஒன்றில் ரெட்ரோஆர்ச் (பழைய கேம்களை ஓட்டும் மென்பொருள்), அதில் ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் கோர் (கன்சோலைப் போல இயங்கும் பகுதி) போட்டு, சேகாவின் பழைய கன்சோலான மெகா டிரைவ் கேம்கள் ஆடுகிறேன். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் 60 ஹெர்ட்ஸ் டிவி முறை) கேம்களில் ஒரு குறையும் இல்லை. பிஏஎல் (ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் டிவி முறை) கேம்கள்தான் தலைவலி. பக்கவாட்டில் ஓடும்போது பின்னணி மலைகள் விட்டுவிட்டு இழுக்கின்றன. காரணம் தெரியும்: கேம் தருவது நொடிக்கு 50 ஃபிரேம், திரை புதுப்பிப்பது 60 முறை. ஐந்தில் ஒரு ஃபிரேம் இரண்டு தடவை வருகிறது.

கோரில் ரீஜனை என்டிஎஸ்சிக்கு மாற்றினால் திணறல் போகிறது, ஆனால் ஆட்டமும் இசையும் 20 சதவீதம் வேகமாகிவிடுகின்றன (கடைசி பாஸ் எதிரியை அந்த வேகத்தில் அடிக்க என் விரல் தாங்காது!). விசிங்க்கை (ஃபிரேமைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) அணைத்தால் படம் குறுக்கே கிழிகிறது.

திரையையே 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த ஃபைலில் மாற்றினீர்கள்? பேனலுக்கு ஏதும் ஆகாதே? "என்டிஎஸ்சி ரோம் (கேம் ஃபைல்) போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், சில கேம்கள் ஐரோப்பாவில் மட்டுமே வந்தவை.