மடக்கு சைக்கிளுக்கு டயரும் துணைப்பொருளும்: பினாங்கில் மூவர் பட்ட பாடுகள்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து

வாரத்தில் நான்கு நாள், 20 அங்குலச் சக்கரமுள்ள மடக்கு சைக்கிளோடு வேலைக்குப் போய் வருகிறேன். வீட்டிலிருந்து நிலையம் வரை மிதித்து, கொமியூட்டர் ரயிலில் பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடலைக் கடந்து, தீவுப்பக்கத் துறையான பெங்காலான் வெல்டிலிருந்து டத்தோ கிராமாட் சாலையில் உள்ள அலுவலகம் வரை மறுபடியும் மிதிக்கிறேன். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் சைக்கிளுக்கு வழியில்லாத நிலையில், பெருநிலத்தில் குடியிருப்பவனுக்கு ஃபெரியே கதி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகள் கார்களை ஏற்றுவதில்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. சைக்கிளை மடிக்காமலேயே உருட்டிக்கொண்டு ஏறலாம்தான். ஆனால் காலை நேரத்து மோட்டார் சைக்கிள் கூட்டத்தின் நடுவே புகையைக் குடித்துக்கொண்டு நிற்க மனமில்லாமல் மடித்தே கொண்டுபோகிறேன். ஆக, என் வண்டி ஓடுகிற நேரமும் மடிந்து கிடக்கிற நேரமும் ஏறத்தாழச் சமம். டயர் வாங்கியபோது நான் மறந்தது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

அதற்கு முன்பே ஒரு தவறு செய்திருந்தேன். பின் டயர் வழுக்கையாகிவிட்டது என்று ஒரு கடைக்குப் போய், "20 அங்குல டயர் கொடுங்கள்" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்தேன். வீட்டில் ரிம்மில் ஏற்றிப் பார்த்தால், சின்னப் பிள்ளை அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டது போல் டயர் தொளதொளவென்று ஆடியது. அப்போதுதான் பக்கச் சுவரில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். என் பழைய டயரில் 38-406 என்றும், புதியதில் 28-451 என்றும் இருந்தது. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். இரண்டு டயரும் கடை வழக்கில் "20 அங்குலம்"தான், ஆனால் விட்டத்தில் 45 மி.மீ. வேறுபாடு. 16 அங்குலத்திலும் இதே குழப்பம் உண்டு: 305 ஒரு வகை, பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிள்களில் இருக்கும் 349 இன்னொரு வகை. பொதுவாக 20 × 1.75 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் 406, 20 × 1⅛ என்று பின்னமாக எழுதியிருந்தால் 451 என்று எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், நான் இப்போது பழைய டயரின் பக்கச் சுவரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

பெரிய தவறு அடுத்தது. மாற்றியதுதான் மாற்றினோம், சொகுசாகவே இருக்கட்டும் என்று 50-406 அளவில் தடித்த டயர் இரண்டு வாங்கிப் போட்டேன். சாலையில் அதன் சுகத்தைச் சொல்லி மாளாது. தண்டவாளப் பாதையும், ஒட்டுப்போட்ட தாரும், சாக்கடை மூடிகளும் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை ஃபெரியில் ஏறும் சாய்தளத்தில், கையில் தூக்கிய வண்டி தானாகப் பிளந்துகொண்டு, முன்னால் போன பெரியவர் ஒருவருடைய வெளிர் நிறக் காற்சட்டையில் சங்கிலியின் பல் வரிசையை அப்படியே அச்சடித்துவிட்டது. "பரவாயில்லை தம்பி" என்றுதான் அவர் சொன்னார். அக்கரை சேரும்வரை எனக்குத் தலை நிமிரவில்லை. என் வண்டியில் மடித்த நிலையில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு காந்தம். அகலம் கூடிய டயர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டதால், காந்தம் அதன் தகட்டைத் தொடவே இல்லை. கடையில் யாரும் மடித்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, மட்கார்டு முன்பிருந்த 38 மி.மீ. டயருக்கு அமைத்தது, புது டயரின் உயரமும் ஏறத்தாழ 12 மி.மீ. கூடிவிட்டதால், ஈரமணல் ஒட்டினால் மட்கார்டுக்குள்ளிருந்து சரசரவென்று உரசும் சத்தம் வேறு.

இப்போது ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் வகையில் 40-406 போட்டிருக்கிறேன். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் 3 மி.மீ. தடிமனில் ஒரு ரப்பர் அடுக்கு பஞ்சருக்குக் காவலாக இருக்கிறது. சொகுசு கொஞ்சம் குறைவு. காந்தம் 'டக்'கென்று பிடிக்கிறது.

ஆயர் ஈத்தாமிலிருந்து

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் சீட் தண்டு விளக்கு நினைவுக்கு வந்தது. ஆயர் ஈத்தாமிலிருந்து கடற்கரைத் தெரு அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிறேன். வண்டியை மடித்து என் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ள மேலாளர் அனுமதித்திருக்கிறார். சிவப்பு விளக்கு ஒன்று வாங்கி, பெட்டியில் படம் போட்டிருந்தபடியே சீட் தண்டில் பட்டை கட்டி மாட்டினேன். அலுவலகத்தில் மடிக்கும்போது சீட் தண்டைக் கீழே இறக்கினால், விளக்கு தடுத்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டது. சீட் முழுவதும் இறங்காததால் வண்டி மேசைக்கு அடியில் நுழையவில்லை. முதல் நாள் முழுவதும் என் காலை மடக்கிக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன், சைக்கிள் அல்ல. பிறகு சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியில் மாட்டும் பிடி ஒன்று தனியாக வாங்கி விளக்கை அங்கே மாற்றினேன். மடக்கு சைக்கிளில் சீட் தண்டு என்பது இறங்கி ஏறும் உறுப்பு. அதில் எதையும் நிலையாகக் கட்டக் கூடாது என்பதை எந்தப் பெட்டியும் எழுதுவதில்லை.

பஞ்சர் கதை கொஞ்சம் நீளம். ஒரு திங்கட்கிழமை டத்தோ கிராமாட் சாலையில் பின் டயர் காற்றிறங்கியது. பையில் புது டியூப் இருந்தது, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகள் இருந்தன, கைப்பம்ப் இருந்தது. சக்கரத்தைக் கழற்றலாம் என்று குனிந்து பார்த்தால், அச்சில் இருந்தது கையால் திருகும் பிடி அல்ல, 15 மி.மீ. நட்டு. ஸ்பேனர் இல்லை. எல்லாம் இருந்தும் ஒன்றுமில்லாதவளாக, வண்டியை மடித்து, கிராப் வாடகைக் காரில் போட்டுக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். அந்த வகையில் மடக்கு சைக்கிள் என்னைக் காப்பாற்றியது உண்மை.

மாலையில் ஒரு கடையில் டியூபை மாற்றித் தந்தார்கள். இரண்டாம் நாள் மறுபடியும் காற்று இறங்கியது. இந்த முறை நானே கழற்றினேன். டயரின் பெயர் அச்சிட்ட இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் ஒன்றை அப்பா கற்றுக் கொடுத்திருந்தார். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் மெதுவாக ஓட்டியபோது, ஓரிடத்தில் பஞ்சு இழை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி இழை. லாரி டயர் வெடித்தால் சாலையோரம் சிதறிக் கிடக்குமே, அந்தக் கம்பி. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நகவெட்டியால் கவ்வி இழுத்து எடுத்தேன். கடையில் டியூபை மாற்றியவர்கள் டயருக்குள் கை வைத்திருந்தால் எனக்கு இரண்டாவது டியூப் செலவு மிஞ்சியிருக்கும்.

துணைப்பொருள்களில் நான் ஒருபோதும் கழற்றாதது மட்கார்டு. மாலை மழையில் சின்னச் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றை என் சுடிதாரின் முதுகுப்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டேன். பின் கேரியரில் பக்கவாட்டுப் பை மாட்டிப் பார்த்ததில், ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. சின்னச் சக்கரமும் குட்டையான பின்சட்டமும் கொண்ட வண்டியில் அதற்கு இடமே இல்லை. ஹேண்டில் தண்டுக்கு முன்னால் சட்டத்தில் மாட்டும் பைதான் வசதி. மடிக்கும் முன் ஒரே அழுத்தில் கழன்று கையோடு வந்துவிடுகிறது.

ஒரு கேள்வி: மாரத்தான் பிளஸ் என்ற வகையில் 5 மி.மீ. காவல் அடுக்கு இருக்கிறதாமே, அதற்கு மாறலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து

இளமையில் பதினோரு ஆண்டு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தங்கையின் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். அந்த டயர் பஞ்சராவது அரிதுதான்; ஆனால் கனமும் விறைப்பும் கூடியது. சின்ன ரிம்மில் அந்த விறைத்த டயரை மாட்டுவதற்கு என் போன்றவர்களே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். தப்பித்தவறி பஞ்சரானால் மழையில் சாலையோரம் அதை உங்களால் கழற்ற முடியுமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். தினமும் கையில் தூக்கும் வண்டியில் கனமும் சும்மா வராது. இப்போதிருக்கும் டயரில் வாரம் ஒரு முறை கண்ணாடித் துண்டும் கம்பியும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கிவிட்டால், பாதி பஞ்சர் வராமலே போய்விடும்.

சின்னச் சக்கரத்தைப் பற்றி ஒரு கணக்கு. தம்பியின் 40-406 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.53 மீட்டர் போகும். பெரிய சைக்கிளின் 28-622 டயர் 2.13 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்குச் சின்னது சுமார் 655 சுற்று, பெரியது சுமார் 470 சுற்று. தேய்மானம் சீக்கிரம் வருவதில் வியப்பில்லை. அதிலும் ஆளின் பாரம் பெரும்பாலும் உட்காரும் பின் டயர்தான் முதலில் போகும். அப்போது புது டயரை முன்னால் போட்டு, முன் டயரைப் பின்னால் மாற்றுவதே என் வழக்கம். பின் டயர் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் டயர் வழுக்கினால் விழுந்துதான் ஆக வேண்டும்.

காற்று விஷயத்தில் கட்டைவிரலை நம்பாதீர்கள். பக்கச் சுவரில் அச்சிட்ட குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் நடுவில், பின்னால் கொஞ்சம் கூடவும் முன்னால் கொஞ்சம் குறைவாகவும், அளவுமானி உள்ள நின்றபடி அடிக்கும் பம்பால் வாரம் ஒரு முறை அடியுங்கள். கடைசி வரம்பு வரை அடித்தால் வண்டி பறக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு; நம் சாலைகளில் அது குதிக்கத்தான் செய்யும்.

மழைக்குக் கோடு நிறைந்த டயர்தான் வேண்டும் என்பதையும் நான் ஏற்பதில்லை. சைக்கிள் ஓடும் வேகத்தில் டயர் தண்ணீரில் மிதப்பதில்லை. ஈரத் தாரில் வழுவழு டயரும் நன்றாகவே பிடிக்கும், பிடிப்பைத் தருவது ரப்பரின் தன்மை. ஈரமான வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் எந்த டயரும் பிடிக்காது. ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் பார்க்க வேண்டியது சாக்கடைக் கம்பிவலை: கம்பிகள் நாம் போகும் திசையிலேயே நீண்டிருந்தால், 28 மி.மீ. டயர் அதற்குள் இறங்கிவிடும். என் பற்களில் இரண்டு அப்படிப் போனவை.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து, மீண்டும்

ஐயாவின் கணக்கைப் படித்துவிட்டு நேற்று புது டயரை முன்னால் போட்டு, முன் டயரைப் பின்னால் மாற்றினேன், 15 மி.மீ. ஸ்பேனரும் இப்போது பையில் இருக்கிறது, அதற்குத் தங்கைக்கு நன்றி. ரயிலில் ஏறும்போது யார் துணியிலும் சங்கிலி படாமலிருக்க மெல்லிய உறை ஒன்றும் வாங்கியிருக்கிறேன். சுருட்டினால் சீட்டுக்கு அடியில் அடங்கிவிடுகிறது, மாட்டுவதற்கு அரை நிமிடம்.

சைக்கிள் மணியின் தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. இடப்பக்கம் வைத்தால் ஹேண்டிலை மடிக்கும்போது முன்சக்கரக் கவையில் இடிக்கிறது. வலப்பக்கம் கியர் மாற்றி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஃபெரிக்கு முன் வண்டியை மடிக்கும்போது அது ஒரு முறை தானாக 'டிங்' என்று அடிக்க, முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்து வழி விடுகிறார்கள்.