கோண்டாவில் குடும்பம் 🌴 (குழு)

ரமணன்: எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் இஞ்ச மெல்பேர்ண் மலைப்பக்கம், எமரல்ட்டில எங்கட வீட்டை எண்டுதானே கதைச்சனாங்கள். அண்டைக்கு வெயில் 41 எண்டு காட்டுது. தீத்தடை போட்டாங்கள் எண்டா முத்தத்தில விறகு மூட்டேலாது. மற்றது, காட்டுத்தீ வந்தா ஒதுங்கப் பின் வளவில ஒரு பங்கர் போடப்போறன். விலை கேட்டிருக்கிறன்.

சுகந்தி அக்கா: விறகில்லாமல் பொங்கலோ

பெரியம்மா: பங்கரோ?? முருகா

குட்டி: 😂😂

காந்தன் மாமா (ரொறன்ரோ): தம்பி, கூலி ஏன். பனங்குத்தி, மண்மூட்டை, எல் வடிவம். நானும் அத்தானும் 90இல ரெண்டு நாளில வெட்டினது

பெரியம்மா: அவர் வெட்டினவர். நீ பிளேன்ரீ குடிச்சனி

ரமணன்: மாமா அது ஷெல்லுக்கு. வாசல் திறந்து கிடந்தாலும் தப்பலாம். இது நெருப்பு. சின்ன இடுக்கு இருந்தாலே புகையும் தணலும் உள்ள வந்திடும், பனங்குத்தி தானே விறகு. கதவு இறுக மூடவேணும், உள்ள அடைபட்ட காத்துத்தான் மூச்சுக்கு. நெருப்பு கடந்து போகுமட்டும், ஒரு மணித்தியாலக் கணக்கிலதான் கட்டுறது. 2009 பெப்ரவரி 7 ஞாபகம் இருக்கோ? மெல்பேர்ணில 46.4 பாகை. அண்டைக்கு வந்த காட்டுத்தீயில 173 பேர் செத்தவை. அதுக்குப் பிறகு 2010இலதான் உதுக்கு ஒரு நியமமே எழுதினவை. கட்டட அனுமதியும் வேணும். வீட்டுக்குக் கீழையும் வைக்கேலாது, வீடு எரிஞ்சு மேல விழுந்தா வெளியில வாறது எப்பிடி? எங்கட காணி வேற பால் 40.

பெரியம்மா: 40 லீற்றரோ? ரெண்டு காணும். போனமுறையும் மிஞ்சிப் புளிச்சது

குட்டி: பெரியம்மா அது பசும்பால் இல்லை 😭 பி.ஏ.எல், காட்டுத்தீ ஒரு காணியை எவ்வளவு தாக்கும் எண்ட அளவு. சதுர மீற்றருக்கு 40 கிலோவாட் வரை வெக்கை அடிக்கும் எண்டு கணக்கு

சுகந்தி அக்கா: எத்தினை பேருக்குப் பங்கர்

ரமணன்: ஆறு. காத்தை ஆளுக்குக் கணக்குப் பாத்துத்தான் குடுப்பினம்

சுகந்தி அக்கா: நீங்கள் நாலு. உங்கட மனிசியின்ர அப்பா அம்மா ரெண்டு. விளங்குது

ரமணன்: அக்கா அப்பிடி இல்லை

சுகந்தி அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: என்ன பிள்ளை அழிச்சனி

பெரியம்மா: 90இலயும் உதே கதைதான். எட்டுப் பேருக்கு வெட்டினது, பதினாறு பேர் வந்திட்டினம். பொம்மர் சுத்துது, இவன் காந்தன் ஆட்டையும் இழுத்துக்கொண்டு வாறான். நான் வாசற்படியில சுகந்தியை மடியில வைச்சிருந்தன், பிள்ளையின்ர ரெண்டு காலும் வெளியில

காந்தன் மாமா: ஆடு சினை அக்கா

குட்டி: ரமணன் அண்ணா, ரொக்கி எத்தினையாவது ஆள்? நாயும் மூச்சு விடும்

சின்ன மாமி: காந்தன் அண்ணை லைனில நிக்கிறபடியால் கேக்கிறன், அந்தச் சீட்டுக் காசு?

காந்தன் மாமா: இஞ்ச விடிய நாலு மணி. பிறகு கதைப்பம்

ரமணன்: விசயத்துக்கு வாங்கோ. பங்கர் கடைசி வழி. முதல் வழி வெளிக்கிடுறது. உச்ச எச்சரிக்கை வந்தா முதல் நாள் இரவே, இல்லாட்டி விடியவே போயிட வேணும். புகையைக் கண்டபிறகு இல்லை. எங்கட தெருவுக்கு ஒரே வழி, ஒரு யூக்கலிப்டஸ் விழுந்தாச் சரி

சுகந்தி அக்கா: அப்ப அண்டைக்கு டண்டினோங்குக்கு வாங்கோ. எங்கட வீட்டில ஆள்கணக்கு இல்லை

குட்டி: 🔥

ரமணன்: நாய்?

சுகந்தி அக்கா: நாயும்

சின்ன மாமி: அங்கையும் தடைதானே

சுகந்தி அக்கா: குசினியில காஸில பொங்குவம்

பெரியம்மா: காஸிலயோ...

ரமணன்: சரி, பொங்கல் எங்கை எண்டதை வெள்ளிக்கிழமை முடிவெடுப்பம். பங்கர்காரனுக்கு நாளைக்குப் பதில் சொல்லவேணும். ஆறோ எட்டோ?

பெரியம்மா: பெரிய பானை ரமணன் வீட்டிலதான் கிடக்கு. ஆர் எடுக்கிறது

காந்தன் மாமா: எனக்கும் ஒரு இடம் போடு தம்பி

சின்ன மாமி: ஆட்டோடையோ