மரத்தூள் உறிஞ்ச என்ன வாங்கினீர்கள்? எனக்கு நடந்தது இது

வேளச்சேரி மாடி:
நான் வாங்கியது தூள் உறிஞ்சும் மெஷின்: ஒரு எச்.பி. மோட்டார், கீழே பிளாஸ்டிக் பை, மேலே துணிப் பை. எல்லோரும் வாங்குகிற அந்த வகைதான், லிங்கி செட்டி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். மொட்டை மாடியில் பத்துக்குப் பத்து ஷீட் அறை, மரம் அறுக்க டேபிள் சா, இழைக்கப் பிளேனர். தரை சுத்தமாக இருந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். சித்திரையில் ஒரு சனிக்கிழமை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே வேட்டி விரித்துக் கூழ் வடாம் பிழிந்திருந்தார். நாலு மணிக்கு எடுக்க வந்தவர், "என்னடா, வடாம் மேல பழுப்பா மாவு மாதிரி படிஞ்சிருக்கு" என்றார். தொட்டுப் பார்த்தேன், முகப்பவுடர் மாதிரி விரலில் ஒட்டியது. உள்ளே போய் மெஷினை ஓடவிட்டு, ஜன்னல் வெயில் கீற்றில் அந்தத் துணிப் பையைப் பார்த்தால் பை முழுக்கப் புகை மாதிரி கசிகிறது. கீழே கிடக்க வேண்டிய தூளை மூச்சு விடுகிற உயரத்துக்கு ஏற்றித் தூவிக்கொண்டிருந்திருக்கிறேன், மூன்று மாதமாக. அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. வடாமைக் கொட்டிவிட்டோம், ஆனால் அந்தக் கீற்று கண்ணை விட்டுப் போகவில்லை.

பெரம்பூர்:
தம்பி, அந்தப் பையே வேண்டாம் என்றுதான் நான் வாக்யூம் கிளீனரோடு நின்றுவிட்டேன். ஹோஸுக்கும் வாக்யூமுக்கும் நடுவில் இருபது லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் பக்கெட், மூடி மேல் சைக்ளோன், அதாவது காற்றைச் சுழற்றித் தூளைக் கீழே தள்ளும் கூம்பு. மரம் தேய்க்கும் சாண்டரின் தூளில் பெரும்பகுதி பக்கெட்டிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடையாது. ஒருநாள் ஹோஸ் வாயில் ஒரு துண்டு மரம் சிக்கியது, பக்கெட் டமார் என்று உள்வாங்கி நசுங்கியது. நல்ல தடிமனான பக்கெட்! பக்கத்து வீட்டுக்காரர் சிலிண்டர் வெடித்ததோ என்று ஓடி வந்துவிட்டார். இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பக்கெட். வீட்டுப் பட்டறைக்கு இதற்கு மேல் தேவையில்லை.

அம்பத்தூர்:
பெரம்பூர் அண்ணா, "தேவையில்லை" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாண்டருக்குச் சரி. வாக்யூம் வேகமாக இழுக்கும், ஆனால் இழுக்கிற காற்றின் அளவு குறைவு. பிளேனர் கக்குகிற சுருளுக்கு நாலு இஞ்ச் வாயும் நிறைய காற்றும் வேண்டும், இல்லையென்றால் ஹோஸிலேயே அடைத்துக்கொள்ளும். வேளச்சேரி தம்பி வைத்திருப்பது பிளேனர்.

என் கதை சின்னது. பழைய கட்டில் காலில் ஈட்டி மரம் கிடைத்தது, மாஸ்க் போடாமல் தேய்த்தேன், மறுநாள் காலை இரண்டு இமையும் வீங்கிக் கண் திறக்கவில்லை. ஈட்டித் தூள் சிலருக்கு ஒவ்வாது என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

வேளச்சேரி தம்பிக்குச் சொல்வது: மெஷினை விற்காதீர்கள், மேல் பையைக் கழற்றிவிட்டு மடிப்பு மடிப்பாக இருக்கும் கேட்ரிட்ஜ் ஃபில்டர் போடுங்கள். எத்தனை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூள் வரை பிடிக்கும் என்று கேட்டு வாங்குங்கள், முப்பது மைக்ரான் பை நுரையீரலுக்குப் போகிற தூளைப் பிடிக்காது. சுருள் ஹோஸை ஒரு முழத்தில் நிறுத்தி, மிச்ச தூரத்துக்கு வழவழப்பான 110 மி.மீ. பிவிசி பைப் போடுங்கள், ஹோஸ் நீளமானால் இழுவை செத்துவிடும். வாக்யூம் வைத்திருப்பவர்கள் ஹெப்பா ஃபில்டர் பாருங்கள், 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் பிடிக்கும். மெஷின் இருந்தாலும் என்95 கட்டாயம், அணைத்த பிறகும் அரை மணி நேரம் கழற்ற வேண்டாம். ஐப்பசி மழையில் பையில் தூளை விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களில் சேர்த்துவிட்டது. மூக்கில் வருகிற புற்றுநோய். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேளச்சேரி மாடி:
கேட்ரிட்ஜ் போட்டாயிற்று அண்ணா. ராத்திரி விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், ஃபில்டரில் புகை இல்லை, கீழ்ப் பையின் பட்டை ஓரத்தில் ஒரே இடத்தில் கசிகிறது. நாளைக்கு அங்கே ரப்பர் பட்டை ஒட்டப் போகிறேன். அம்மா இந்த வருஷ வடாமை எதிர்வீட்டு மாடியில்தான் காயப்போடுகிறார்.